மாடி எடுக்கும் முன் அனுமதி: வட சென்னை வீட்டுக்காரர்களுக்கு

பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மேஸ்திரியைக் கூப்பிட்டு மொட்டைமாடியைக் காட்டுவார்கள். "ரெண்டு ரூம்தானே, யார் கேட்கப்போறாங்க?" என்பார் அவர். கேட்பார்கள். மேலே ஒரு தளம் எழுப்பினாலும், பின்பக்கம் சமையலறையை நீட்டினாலும், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி அனுமதி வேண்டும். வெள்ளையடிப்பதற்கும் தரைக்கு டைல்ஸ் போடுவதற்கும் வேண்டாம்.

புது அறையை மட்டும் தனியாகப் பார்க்க மாட்டார்கள். பழையதும் புதியதும் சேர்த்து மொத்த வீடும் விதிக்குள் அடங்க வேண்டும். சாதாரண வீடுகளுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை கட்டலாம். கால் கிரவுண்டு, அதாவது 600 சதுர அடி மனை என்றால், எல்லாத் தளமும் சேர்த்து 1,200 சதுர அடி வரை கட்டலாம். இதோடு தெருப் பக்கமும் பக்கவாட்டிலும் விட வேண்டிய இடமும் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய தெருக்களில் சில 'தொடர் கட்டடப் பகுதி' என்று வகைப்படுத்தப்பட்டவை. அங்கே பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. உங்கள் தெரு அதில் வருகிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறு வீடுகளுக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வரை போக வேண்டாம், மாநகராட்சியே அனுமதி தரும். விண்ணப்பம் ஒற்றைச் சாளர இணையதளத்தில். நம் பக்கத்தில் வேலை தடைபடுவது பெரும்பாலும் பட்டாவில்தான். வீடு தாத்தா பெயரில் இருக்கும், அவர் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும், அத்தைகளுக்கும் பங்கு இருக்கும். வாரிசுச் சான்று, பட்டா பெயர் மாற்றம், வில்லங்கச் சான்று எல்லாம் கைக்கு வந்த பிறகு மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுங்கள். அவசரத்தில் கொடுத்துவிட்டு, செங்கல் வாசலில் கிடக்கத் தாலுகா ஆபீசுக்கு அலைகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

காசிமேடு, எண்ணூர், திருவொற்றியூர் கடலோரத்தில், கடலுக்கு அருகே கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதியும் உண்டு. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். தூணின் அடியில் கொஞ்சம் பூச்சை உதிர்த்துப் பாருங்கள். கம்பி ஏடு ஏடாக உரிந்து வந்தால் அந்தத் தூண்மேல் தளம் ஏற்றக் கூடாது. தேக்கு உத்திரத்தில் நிற்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கும் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் மாடி வேண்டாம்.

பழையதை இடித்துப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை பெரிய உதவி. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ என்றால் இணையத்தில் உடனடி அனுமதி. பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்புக் கட்டணமும் கிடையாது. ஆனால் கொடுக்கும் தகவலுக்கு முழுப் பொறுப்பும் வீட்டுக்காரர்தான்.

"கட்டிட்டு அப்புறம் வரன்முறை பண்ணிக்கலாம்", அதாவது அனுமதியில்லாமல் கட்டியதைப் பின்னால் முறைப்படுத்திக்கொள்ளலாம் என்பதை நம்ப வேண்டாம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவின் கீழ் வந்த வரன்முறைத் திட்டம் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டும். அனுமதியில்லாத தளத்துக்கு நோட்டீஸ் வரும், சீல் வைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. வீட்டுக்கடன் தரும் வங்கியும் அனுமதித்த வரைபடத்தைத்தான் கேட்கும்.

வேலை முடிந்ததும் கூடுதல் பரப்பைச் சொத்துவரிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். மழைநீர் சேகரிப்புத் தொட்டியும் கட்டாயம். மாடித் தண்ணீர் குழாயை அதில் இணைக்க மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.