தெப்பக்குளத்தின் உயிர் கால்வாயில் இருக்கிறது

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குள் நாங்கள் சிறுவயதில் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். தைத் தெப்பத் திருவிழாவுக்கு மோட்டார் வைத்துத் தண்ணீர் நிரப்புவார்கள். அதுவும் முடியாத வருடங்களில், மிதக்காமல் நின்ற இடத்திலேயே நிற்கும் நிலைத் தெப்பம்தான். இப்போது அதே இடத்தில் மைய மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அப்படியேதான் இருக்கிறது. மாறியது அதற்கு வரும் கால்வாய்.

வைகையிலிருந்து பனையூர் கால்வாய் வழியாகத் தண்ணீர் குளத்துக்கு வர மோட்டார் தேவையில்லை, நிலத்தின் வாட்டம் (சரிவு) போதும். ஆனால் வாட்டம் மிகக் குறைவான கால்வாயில் நடுவே ஓரிடத்தில் இரண்டடி மண் மேடிட்டாலே தண்ணீர் அங்கே தேங்கிவிடும். தேங்கிய தண்ணீர் தான் சுமந்து வரும் வண்டலையும் அங்கேயே இறக்கும், மேடு இன்னும் உயரும். மாநகராட்சி சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கால்வாயைத் தூர்வாரிச் சீரமைத்தது. அப்புறம் வைகையில் தண்ணீர் வந்தபோது குளமும் நிறைந்தது. குளம் மீனாட்சி அம்மன் கோயிலுக்குச் சொந்தம், ஆறு நீர்வளத் துறையின் பொறுப்பு, கால்வாய் வேலை மாநகராட்சியுடையது. மூன்று கைகள் சேர்ந்த இடத்தில்தான் தண்ணீர் நகர்ந்தது.

சரி, வழி திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே என்ன வருகிறது என்பதும் முக்கியம்.

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடியது சுமார் 7.5 மில்லிகிராம்தான். கெண்டையும் கெளுத்தியும் அதை வைத்துத்தான் பிழைக்கின்றன. வீட்டுச் சாக்கடையில் உள்ள கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிரிகளுக்கோ லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு குடம் சாக்கடை 25 குடத்துக்கு மேற்பட்ட நல்ல தண்ணீரின் மூச்சை நிறுத்திவிடும்.

ஆக்சிஜன் தீர்ந்ததும் அது இல்லாமலே வாழும் வேறு நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த அழுகிய முட்டை நாற்றம். அதே வாயு சேற்றிலுள்ள இரும்போடு சேரும்போது கரிய நிறம் வருகிறது. நகருக்குள் ஓடும் கிருதுமால் நதி கறுத்துக் கிடப்பதன் ரசாயனம் இதுதான். ஒரு காலத்தில் வயல்களுக்குப் பாய்ந்த ஆறு அது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இதனால்தான் பாதாளச் சாக்கடையும் மழைநீர் வாய்க்காலும் தனித்தனியாக ஓட வேண்டும். சாக்கடை அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இத்தகைய நிலையங்களில் தொட்டிக்குள் காற்றைச் செலுத்தி, கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுக்கிறார்கள். குளத்து மீனின் பங்கில் கைவைக்காமல் அவை அங்கேயே வேலையை முடித்துவிடும்.

செல்லூர், வண்டியூர் கண்மாய்களில் படரும் ஆகாயத்தாமரையும் இந்தச் சாக்கடையின் உரத்தில்தான் கொழுக்கிறது. அதை வெட்டித் தண்ணீரிலேயே விட்டால் அழுகி, மீதமிருக்கும் ஆக்சிஜனையும் குடித்துவிடும். கரையேற்றி அப்புறப்படுத்தினால் அது உறிஞ்சிய உரமும் சேர்ந்து வெளியேறும்.

தூர்வாரிய மண்ணுக்கும் இதே கதிதான். எங்கள் பகுதி வாய்க்காலில் ஒரு வருடம் புரட்டாசியில் வாரிய மண்ணைக் கரையோரமே குவித்துவிட்டுப் போனார்கள். ஐப்பசி அடைமழையில் பாதி மண் மறுபடி உள்ளே சரிந்தது, தெருவில் முழங்கால் தண்ணீர். வருகிற புரட்டாசியில் உங்கள் வாய்க்கால் ஓரம் மண்மேடு தெரிந்தால், லாரி எப்போது வரும் என்று வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.