எழுத்துக்காப்பு: பென் டிரைவ் ‘எழுத விடமாட்டேன்’ என்னும்போது

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். கோத்தகிரி டானிங்டன் பக்கம் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு, மகளிர் குழுவின் கணக்கைப் பார்க்கும் அக்கா ஒருவர் வந்தார். பென் டிரைவில் புது மாதக் கணக்கு ஏறவில்லையாம். கணினியில் சொருகிப் பார்த்தேன். ‘தி டிஸ்க் இஸ் ரைட் புரொடெக்டட்’ என்று வந்தது. “எழுத்துப் பாதுகாப்பு போட்டிருக்குன்னு சொல்லுதுக்கா” என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. “பாதுகாப்பாத்தான் இருக்கா? அப்ப நல்லதுதானே தம்பி?”

நான் சொன்ன தமிழ்தான் அவரை அப்படி நினைக்க வைத்தது. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

ஆங்கிலத்தில் ‘ரைட் புரொடெக்டட்’ என்றால், எழுதும் செயலிலிருந்து காக்கப்பட்டது என்று பொருள். உள்ளே இருப்பதைப் படிக்கலாம், நகல் எடுக்கலாம். புதிதாகச் சேர்க்கவோ, திருத்தவோ, அழிக்கவோ முடியாது. அழிப்பதும் கணினிக்கு ஒரு வகை எழுத்துதான். இந்த இரண்டு சொற்களின் வேரையும் பார்க்க வேண்டும். ‘ரைட்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் கீறுதல் என்று பொருள். ஓலையில் எழுத்தாணியால் கீறிய நமக்கு அது அந்நியமில்லை. ‘புரொடெக்ட்’ இலத்தீனிலிருந்து வந்தது: முன்னால் நின்று மூடுதல். மூடுதல் என்னும் அதே வேரிலிருந்துதான் கூரை ஓட்டைக் குறிக்கும் ‘டைல்’ என்ற சொல்லும் பிறந்தது.

இந்தப் பழக்கம் பென் டிரைவுக்கு வெகு காலம் முந்தியது. பெரிய கணினிகளின் காந்த நாடாச் சுருளின் பின்புறப் பள்ளத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். வளையம் இருந்தால் எழுதலாம், கழற்றிவிட்டால் படிக்க மட்டும்தான். ஆடியோ கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு சின்னப் பற்கள் நம் வீடுகளிலேயே பலருக்கு நினைவிருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பாட்டின் மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. மனசு மாறினால் பள்ளத்தின் மேல் செல்லோடேப் ஒட்டுவோம். மூன்றரை அங்குல பிளாப்பியில் ஒரு தள்ளுக்கட்டை. ஓட்டை திறந்திருந்தால் காப்பு.

பென் டிரைவுக்கு ‘விரலி’ என்ற தமிழ்ப் பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. 2000-இல் அது விற்பனைக்கு வந்தபோது ஒரு நிறுவனம் வைத்த பெயரே ‘தம்ப் டிரைவ்’, அதாவது கட்டைவிரல். விரலி மஞ்சளை அறிந்த நமக்கு அது எளிதாக நாவில் வரும். ரகரத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: றகரம் போட்டால் பாணரோடு சேர்ந்து ஆடிய விறலி ஆகிவிடுவாள். கடையில் யாரும் விரலி என்று கேட்பதில்லை என்பதால் இங்கே பென் டிரைவ் என்றே எழுதுகிறேன்.

இனி நம் சொல். ‘பாதுகாப்பு’ இங்கே பொருந்தாது என்பது என் முடிவு. அது பத்திரமாக இருக்கிறது என்ற ஆறுதலை மட்டும் தருகிறது. கை கட்டப்பட்டதைச் சொல்வதில்லை. ‘எழுத்துத் தடை’ என்றால் தடை தெரிகிறது, எதற்காக என்பது தெரியவில்லை. ‘காப்பு’ இரண்டையும் சொல்லும். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பார்கள். மார்கழிக் கடைசி நாளில் மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்து வீட்டுக் கூரையில் செருகுவதும் காப்புத்தான். கையில் போடும் வளையும் காப்பு, போலீஸ் மாட்டுவதும் காப்பு. காவலும் கட்டுப்பாடும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

‘எழுதுகாப்பு’ என்றும் சொல்லலாமே என்று கேட்கலாம். ஊறுகாய், சுடுகாடு போல அதை வினைத்தொகையாகப் படித்தால், எழுதுகிற காப்பு என்று பொருள் திரும்பிவிடுகிறது. ‘எழுத்துக்காப்பு’ அப்படியில்லை, எழுத்தைக் காக்கும் காப்பு என்று நேராக விரியும். ஆங்கிலம் எழுதும் கையைப் பார்க்கிறது, தமிழ் எழுதப்பட்டதைப் பார்க்கிறது. எனக்கு நம் பார்வைதான் சரியாகப் படுகிறது. கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூர்ப் பாறையில் பழைய மனிதர்கள் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. வந்து போனவர்கள் அவற்றின் மேல் கிறுக்கி வைத்ததை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. மேலே ஒருமுறை எழுதிவிட்டால் அடியில் இருந்தது திரும்பாது.

காப்பை அவிழ்க்க, அதைக் கட்டியது யார் என்று முதலில் தெரிய வேண்டும். கேமராவின் எஸ்.டி. கார்டு என்றால் ஓரத்துச் சின்ன நாக்கைப் பாருங்கள். ‘லாக்’ பக்கம் இறங்கியிருக்கும். அந்த நாக்குக்குக் கார்டின் உள்ளே எந்த இணைப்பும் கிடையாது. அது இருக்கும் இடத்தை, கார்டைச் சொருகும் ரீடர்தான் உணர்கிறது. ஆகவே வேறு ரீடரிலும் போட்டுப் பாருங்கள். சில பென் டிரைவ்களிலும் இப்படி ஒரு சுவிட்ச் உண்டு.

அடுத்து வேறொரு கணினி. அங்கே எழுத முடிந்தால் பென் டிரைவில் குறையில்லை, முதல் கணினிதான் தடுக்கிறது. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வேண்டுமென்றே இப்படி அமைத்திருப்பார்கள். அங்கே பொறுப்பாளரைக் கேட்பதே முறை.

எங்கும் எழுதவில்லை என்றால், வேறு எதையும் தொடாமல் உள்ளே இருப்பதை முதலில் நகல் எடுங்கள். பென் டிரைவுக்குள் இருக்கும் பிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு அறையும் இத்தனை தடவைதான் அழித்து எழுதத் தாங்கும். தேய்ந்துபோனது தெரிந்தால் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு எழுதுவதை நிறுத்திவிட்டு, படிக்க மட்டும் வழி விடும். மிச்சமிருப்பதைக் காப்பாற்ற அது தானே கட்டிக்கொள்ளும் காப்பு அது.

நகல் கையில் வந்தபின் விண்டோஸில் டிஸ்க்பார்ட்டைத் திறக்கலாம்; கட்டளை தட்டி வட்டுகளைக் கையாளும் கருவி அது. ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுத்து, கொள்ளளவைப் பார்த்து உங்கள் பென் டிரைவ் எது என்று உறுதி செய்து, ‘செலக்ட் டிஸ்க்’ என்பதோடு அதன் எண்ணைக் கொடுங்கள். பிறகு ‘அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி’. இந்தக் கட்டளை எதையும் அழிக்காது. ‘கிளீன்’ என்ற கட்டளை எல்லாவற்றையும் துடைத்துவிடும். எண்ணைத் தப்பாகக் கொடுத்து அதை ஏவினால், கணினியில் இருக்கும் வேறொரு வட்டு போய்விடலாம். ‘கிளியர் ரீட்ஒன்லி’க்கும் அசையவில்லை என்றால் அந்தப் பென் டிரைவின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். திருத்தித் தருவதாகச் சொல்லும் மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அக்காவின் பென் டிரைவ் கடைசி வகை. கணக்கு முழுவதையும் கணினியில் இறக்கி, புதிது ஒன்றில் ஏற்றிக் கொடுத்தேன். பழையதைத் தூக்கி எறிய அவருக்கு மனமில்லை. ஒரு சின்னத் தாளில் ‘எழுத்துக்காப்பு’ என்று எழுதி அதன் மேல் ஒட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தவர், “காப்பு எப்பத் தம்பி அவுப்பாங்க?” என்று கேட்டார்.

“இதுக்கு அவுக்கறது இல்லைக்கா. படிக்கலாம், அவ்வளவுதான்.”

“அப்ப எழுதக் கூடாது” என்று தலையாட்டி, இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு மழையில் இறங்கினார்.