பாலைவன மீனுக்குத் தனியார் குளத்தில் இடம்: அரிசோனாவின் சேஃப் ஹார்பர் ஒப்பந்தம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஊற்றோ மாட்டுக்குளமோ வைத்திருக்கும் நிலக்காரர், அழியும் நிலையிலுள்ள மீனைத் தன் தண்ணீரில் விடச் சம்மதித்தால் பின்னால் சட்டத் தொல்லை வருமா? அந்தப் பயத்தைப் போக்குவதற்காக வந்ததுதான் சேஃப் ஹார்பர் ஒப்பந்தம். ஹீலா டாப்மின்னோ, பாலைவனப் பப்ஃபிஷ் என்ற இரண்டு சிறு மீன்களுக்காக, மாநில வனவிலங்கு மற்றும் மீன் துறை முழு மாநிலத்துக்கும் சேர்த்து மத்திய அரசிடம் அனுமதி பெற்றது. நிலக்காரர் அதன் கீழ் சேர்ந்துகொண்டால் போதும், தனியாக மத்திய அனுமதி தேட வேண்டாம்.

பயம் வெறும் கற்பனை அல்ல. டாப்மின்னோ 1967இலும் பப்ஃபிஷ் 1986இலும் அழியும் நிலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1973ஆம் ஆண்டின் அழியும் நிலை உயிரினங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பட்டியலில் உள்ள உயிரைப் பிடிப்பதையும் கொல்வதையும் மட்டுமல்ல, வாழிடத்தைக் கெடுத்து அதற்குத் தீங்கு செய்வதையும் குற்றமாக்குகிறது. தெரிந்தே மீறினால் சட்டப்படி 50,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. குளத்தைத் தூர்வாரினாலே குற்றமாகிவிடுமோ என்று அஞ்சி, மீனே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் உண்டு. காக்க வந்த சட்டமே மீனுக்கு இடம் கிடைக்காமல் செய்தது.

ஒப்பந்தத்தின் உயிர்நாடி ‘தொடக்க நிலை’. கையெழுத்துக்கு முன் உயிரியலாளர்கள் வந்து, அந்த நிலத்தில் இந்த மீன்கள் எத்தனை, எவ்வளவு வாழிடம் என்று பதிவு செய்வார்கள். மீனே இல்லாத குளத்துக்குத் தொடக்க நிலை பூஜ்ஜியம். அதற்குமேல் பெருகும் மீன்களுக்காக நிலத்தின் மேல் புதிய கட்டுப்பாடு வராது. மாடு தண்ணீர் குடிக்கலாம், பாசனத்துக்கு இறைக்கலாம், அந்த வழக்கமான வேலையில் சில மீன் இறந்தாலும் குற்றமில்லை. ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே தொடக்க நிலைக்குத் திரும்பவும் உரிமை உண்டு. ஆனால் முன்கூட்டியே தெரிவித்து, துறையினர் மீன்களை வேறிடம் கொண்டுபோக அவகாசம் தர வேண்டும். இந்த அறிவிப்பை மறந்தால் பாதுகாப்பும் கேள்விக்குள்ளாகும். எனவே பதிவில் எழுதியிருப்பதை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தொடக்க நிலைக்குக் கீழே இறக்குவதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

கையெழுத்தானதும் சேர்க்கைச் சான்றிதழ் தருவார்கள். நிலத்தை விற்றால், வாங்குபவர் சம்மதித்து ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டால்தான் அதே பாதுகாப்பு அவருக்கும் தொடரும். வேலி, கரை, குழாய் போன்ற செலவுகளுக்கு மத்திய அரசின் தனியார் நிலக் கூட்டுத் திட்டத்தில் உதவி கேட்கலாம். அதற்கு, அந்த உதவியில் செய்த வேலைகளைக் குறைந்தது 10 ஆண்டு பராமரிப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

திட்டம் தோற்பது பெரும்பாலும் காகிதத்தில் அல்ல, குளத்தில். முதல் எதிரி கம்பூசியா. கொசுவை ஒழிக்க உலகெங்கும் விடப்பட்ட அதே மீன் டாப்மின்னோவின் குஞ்சைத் தின்கிறது, பெரியவற்றின் துடுப்பைக் கடித்துக் குதறுகிறது. இரண்டும் ஒரே குளத்தில் நெடுநாள் நிலைப்பது அரிது. ஆகவே மீன் விடும் முன் குளத்தைச் சுத்தப்படுத்த வேண்டும். முழுதும் வற்றவைக்கலாம், அல்லது துறையினர் ரோட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்திடுவார்கள். மற்ற எதிரிகளில், இறால் போன்ற கிரேஃபிஷ் ஈரச் சேற்றில் வளை தோண்டித் தப்பும், வளர்ந்த காளைத்தவளை கரையேறிவிடும். இவற்றுக்குப் பொறியும் கைப்பிடியும் தனியே வேண்டும். அடுத்த தொல்லை சம்பு என்ற நீர்க்கோரை. ஆழமில்லாத குளத்தை அது சில ஆண்டுகளில் மூடிவிடும். பப்ஃபிஷ்ஷுக்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும், அதனால் சம்பை அவ்வப்போது அகற்றுவதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

பக்கத்துக் குளத்திலிருந்து வாளியில் மீன் கொண்டுவந்து விடவே கூடாது. அனுமதியின்றித் தொடுவதே குற்றம், அதோடு ஊற்றுக்கு ஊற்று மரபுவழி வேறு. எந்தக் குளத்துக்கு எந்த மரபுவழி மீன் என்பதைத் துறைதான் தீர்மானிக்கும்.

2024 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த மத்திய விதி, இவ்வகை ஒப்பந்தங்களை ‘பாதுகாப்புப் பலன் ஒப்பந்தம்’ என்ற ஒரே வகையாக்கியது. புது விண்ணப்பங்களில் அந்தப் பெயரைத்தான் பார்ப்பீர்கள். தொடக்க நிலையும் திரும்பும் உரிமையும் அதிலும் உண்டு.

இந்த ஒப்பந்தம் தராத ஒன்று தண்ணீர். அக்கம்பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் ஊற்றை வற்றவைத்தால் இதைக் காட்டித் தடுக்க முடியாது. நெவாடாவின் டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷ்ஷுக்காக 1976இல் உச்ச நீதிமன்றம் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தியது உண்மைதான். ஆனால் அந்தக் குகைக் குளம் 1952இலேயே மத்திய அரசு தனக்கென ஒதுக்கிய நிலம், நீருரிமை அதோடு வந்தது. தனியார் நிலத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. அரிசோனாவிலோ, அரசு வரையறுத்த நீர் மேலாண்மைப் பகுதிகளுக்கு வெளியே கிணற்று நீர் இறைப்புக்குப் பெரிய கட்டுப்பாடில்லை. அதனால் விண்ணப்பிக்கும் முன், நிலம் எந்தப் பகுதியில் வருகிறது, சுற்றிலும் எத்தனை பெருங்கிணறுகள் பதிவாகியுள்ளன என்பதை மாநில நீர்வளத் துறையின் பதிவேட்டில் பாருங்கள். ஊற்று ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தால், கிணற்று நீரால் நிரப்பும் குளத்தை மீன்களுக்கு இரண்டாவது இருப்பிடமாகச் சேர்க்க முடியுமா என்று உயிரியலாளரிடம் கேளுங்கள்.