கடைசி வரிசைக்கும் குரல் கேட்க வேண்டும்: விளையாட்டு அரங்கின் ஒலியும் இருக்கையும்

1919 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகர மைதானத்தில் சுமார் 50,000 பேர் கூடியிருந்தார்கள். பேச வந்தவர் அதிபர் உட்ரோ வில்சன். காற்றின் இரைச்சல் குறுக்கிடாதபடி அவரை ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் நிற்கவைத்து, மேலே கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளைப் பொருத்தியிருந்தார்கள். பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இரு பொறியாளர்கள் உருவாக்கிய மேக்னவாக்ஸ் கருவி அது. மனிதத் தொண்டையின் வலிமையைத் தாண்டி ஒரு பேச்சு மைதானம் முழுவதும் பரவியது.

அதற்கு 46 ஆண்டுகள் கழித்து, 1965 ஆகஸ்ட் 15 அன்று, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழு பாடியது. வந்திருந்த ரசிகர்கள் சுமார் 55,600 பேர். பேஸ்பால் ஆட்டத்தில் வீரர்களின் பெயர்களை அறிவிப்பதற்காக அங்கே இருந்த ஒலிபெருக்கிகளில்தான் பாட்டு ஒலித்தது. ரசிகர்களின் கூச்சலில் பாட்டு மூழ்கியது. பாடியவர்களுக்கே தங்கள் குரல் சரியாகக் கேட்கவில்லை. இன்னும் அதிகத் திறனுள்ள ஆம்ப்ளிஃபயரை வைத்திருந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. மைதானத்தின் அளவும் அதில் அமரும் மக்களின் எண்ணிக்கையும் சேர்ந்து எழுப்பும் சிக்கல் அது.

தூரத்திலிருந்து தொடங்குவோம். திறந்த வெளியில் ஓர் ஒலிபெருக்கியிலிருந்து நாம் விலகும் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலியின் அளவு 6 டெசிபல் குறைகிறது. 10 மீட்டரில் 110 டெசிபலாக இருக்கும் ஒலி 20 மீட்டரில் 104, 40 மீட்டரில் 98, 80 மீட்டரில் 92, 160 மீட்டரில் 86 என்று இறங்கிவிடும். ஒரு பவுண்டரியோ கோலோ விழும்போது கூட்டத்தின் ஆரவாரம் 95 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். ஆக, ஒரே இடத்திலிருந்து ஒலிபரப்பினால் முன்வரிசையில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். கடைசி வரிசைக்கு ஒன்றும் எட்டாது. திறனைக் கூட்டினாலும் இந்த இடைவெளி மாறாது. இரு மடங்கு வாட் கொடுத்தால் கிடைப்பது வெறும் 3 டெசிபல்தான்.

இதற்கு ஒரு தீர்வு, ஸ்பீக்கர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகச் செங்குத்து வரிசையில் தொங்கவிடுவது. இசை நிகழ்ச்சிகளில் மேடையின் இருபுறமும் வளைந்து தொங்கும் லைன் அர்ரே அமைப்பு இதுதான். மேலும் கீழும் சிதறும் ஒலியை அது ஒடுக்கிவிடுவதால், குறிப்பிட்ட தூரம் வரை, தூரம் இரட்டிப்பாகும்போது 3 டெசிபல் மட்டுமே இழப்பு. இன்னொரு தீர்வு, கூரையின் விளிம்பு நெடுகச் சிறு சிறு தொகுதிகளாக ஸ்பீக்கர்களைப் பொருத்தி, ஒவ்வொன்றும் தனக்குக் கீழே உள்ள இருக்கைகளை மட்டும் நோக்கும்படி சாய்த்துவிடுவது. கூரையுள்ள பெரிய அரங்குகளில் இந்த இரண்டாவது முறையைத்தான் அதிகம் காண்கிறோம்.

ஆனால் ஸ்பீக்கர்கள் பலவாகப் பெருகினால் காலத்தாமதம் என்ற புதிய தொல்லை வந்து சேர்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. கோடை வெயிலில் 350 மீட்டர் வரை போகும். எதிர்ப்பக்க ஸ்டேண்டிலிருந்து 150 மீட்டர் கடந்து வரும் ஒலி ஏறக்குறைய 0.43 நொடி தாமதமாகிறது. தலைக்கு மேலே உள்ள ஸ்பீக்கர் ஒரு சொல்லைச் சொல்லி முடித்தபின் அதே சொல் எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடியும் வரும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1949 வாக்கில் நம் செவியின் ஓர் இயல்பைக் கண்டறிந்தார். ஒரே ஒலி மிகச் சிறிய இடைவெளியில் இருமுறை வந்தால் மூளை இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. முதலில் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதையே ஒலியின் இடமாகவும் கொள்கிறது. பேச்சுக்கு இந்த இடைவெளி ஏறக்குறைய 50 மில்லிநொடி, அதாவது 17 மீட்டர் தூரம். அதைத் தாண்டினால் எதிரொலியாகவே கேட்கும். எனவே, ஒரே திசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் ஸ்பீக்கர்களில் பின்னால் இருப்பதை வேண்டுமென்றே சில மில்லிநொடி தாமதப்படுத்துகிறார்கள். எதிர்ப்பக்க ஸ்பீக்கர்களுக்கு அந்த உபாயம் பலிக்காது. இந்த மாடத்துக்கு ஏற்பத் தாமதித்தால் அந்த மாடத்தில் கெடும். அவற்றின் ஒலி மைதானத்தைக் கடந்து வராதபடி திசைகட்டி நிறுத்துவதே வழி.

திசைகட்டுவது எல்லா ஒலிக்கும் எளிதல்ல. 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு சிறிய கூம்பாலேயே அதை வேண்டிய பக்கம் திருப்பலாம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ சுமார் மூன்றரை மீட்டர். அது எந்தக் கூம்புக்கும் அடங்காமல் நாற்புறமும் பரவும். இங்கேதான் பேச்சு சிதைகிறது. உயிரொலிகளின் வலு பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது; மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் நுட்பம் மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. பாடம், பாதம், பாகம், பாசம் ஆகிய நான்கையும் வேறுபடுத்துவது நடுவில் வரும் ஒரு மெய்தான். கான்கிரீட் சுவர்களில் மோதி நீடிக்கும் 'பா'வின் ரீங்காரம் அந்த மெய்யின்மேல் படிந்துவிட்டால் நான்கும் ஒன்றாகிவிடும். சத்தம் நன்றாகக் கேட்கும், ஆனால் என்ன சொன்னார்கள் என்பது புரியாது. அதனால்தான் பொறியாளர்கள் சத்தத்தின் அளவோடு, பேச்சின் தெளிவை 0 முதல் 1 வரை மதிப்பிடும் ஒரு குறியீட்டையும் இருக்கை இருக்கையாக அளக்கிறார்கள். அவசர அறிவிப்புகளுக்கு 0.5 என்பது பரவலாக ஏற்கப்பட்ட குறைந்தபட்சம்.

இந்தக் கணக்கில் பார்வையாளர்களும் அடங்குவார்கள். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுகின்றன. வெறும் பிளாஸ்டிக் இருக்கையும் கான்கிரீட் படியும் அதைத் திருப்பியடிக்கின்றன. 2020இல் ஆளில்லா மைதானங்களில் ஆட்டங்கள் நடந்தபோது வீரர்களின் குரல்கள் சுவரில் பட்டுத் திரும்பியதைத் தொலைக்காட்சியிலேயே கேட்டோம். ஒலி அமைப்பைச் சோதிப்பது பெரும்பாலும் காலி அரங்கில்தான் என்பதால், நிறைந்த அரங்கில் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டே முடிவெடுக்கிறார்கள். ஆட்டத்தின்போது ஆங்காங்கே உள்ள மைக்குகள் கூட்டத்தின் இரைச்சலை அளக்க, அதற்கேற்ப அறிவிப்பின் அளவு தானாக ஏறி இறங்கும் அரங்குகளும் உண்டு.

இருக்கைகளின் அமைப்புக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முதலில் கணக்காக எழுதியவர்களில் ஒருவர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல். கால்வாயில் கலையாமல் ஓடிய தனி அலையைக் குதிரையில் துரத்திச் சென்று பார்த்த அதே ஸ்காட்லாந்துக்காரர். பேச்சாளரின் முகம் மறைக்கப்படாமல் தெரிந்தால் அவர் குரலும் தடையின்றி வந்து சேரும் என்று 1838இல் அவர் வாதிட்டார். முன்னால் இருப்பவர்களின் தலைகளை உரசிக்கொண்டு வரும் ஒலி வழியிலேயே தேய்ந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க, பின்னால் போகப் போக ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிடச் சற்றுக் கூடுதலாக உயர வேண்டும். இன்றைய அரங்குகளின் கிண்ண வளைவு அந்தக் கணக்கின் வழியில் வந்ததுதான்.

முன்னவரின் கண்ணுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் உங்கள் பார்வைக்கோடு கடக்கிறது என்பது இந்த வளைவைத் தீர்மானிக்கும் அளவு. 120 இருந்தால் அருமை, 90 நன்று, 60 இருந்தால் சமாளிக்கலாம். முப்பது மில்லிமீட்டரைக் கூட்டினால் கடைசி வரிசை பல மீட்டர் மேலே போய்விடும். சாய்வு சுமார் 34 பாகையைத் தாண்டினால் ஏறி இறங்குவது ஆபத்து. கால்பந்துக்குக் கண்ணிலிருந்து மைதானத்தின் கடைக்கோடி வரை 190 மீட்டருக்கு மேல் கூடாது என்பது வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் வரம்பு. கிரிக்கெட் மைதானம் இன்னும் அகலமானது. ஆகவே 1,32,000 இருக்கைகள் கொண்ட அகமதாபாத் அரங்கிலோ ஒரு லட்சம் பேர் அமரும் மெல்பர்ன் மைதானத்திலோ மேல் அடுக்கில் இருப்பவர் ஆட்டத்திலிருந்து வெகு தொலைவில்தான் இருக்கிறார்.

இத்தனை நாற்காலி போட்டாயிற்று, அதுவே கொள்ளளவு என்று நினைப்பது தவறு. பிரிட்டனில் விளையாட்டு அரங்குகளின் பாதுகாப்புக்கான கையேடு நான்கு எண்களைக் கேட்கிறது: எத்தனை பேர் அமரலாம், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் நுழையலாம், எத்தனை பேர் வெளியேறலாம், நெருக்கடியில் எத்தனை பேர் தப்பலாம். நான்கில் எது சிறியதோ அதுவே கொள்ளளவு. சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்பது அதன் கணக்கு. எட்டு நிமிடத்தில் 50,000 பேர் வெளியேறச் சமதளத்தில் சுமார் 76 மீட்டர் அகலம் வேண்டும். படிக்கட்டு என்றால் 95 மீட்டர். இந்த எண்களுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலால் 97 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதிக்கு அனுமதிக்கப்பட்டிருந்த எண்ணிக்கையே தவறானது என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது.

இந்த நான்கோடு ஐந்தாவதாக ஓர் எண்ணையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து: அவசர அறிவிப்பு தெளிவாகக் கேட்கும் இருக்கைகள் எத்தனை? வெறும் மணியடித்தால் மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒரு குரல் சொன்னால்தான் எழுவார்கள். எட்டு நிமிடக் கணக்கெல்லாம் அவர்கள் எழுந்த பிறகுதான் தொடங்குகிறது. நல்ல அரங்குகளில் அடுத்தடுத்த ஸ்பீக்கர்களை இரு வேறு கம்பித் தடங்களில் இணைத்திருப்பார்கள். ஒரு தடம் எரிந்துபோனாலும் மற்றது பேசும். மின்சாரம் போனால் பேட்டரி இருக்கும். ஒவ்வொரு மாடத்துக்கும் தனித்தனி அறிவிப்பு கொடுக்க முடியும். தீப்பிடித்த பக்கம் வெளியேறும்போது மற்றவர்களை அமரச் சொல்லலாம். மேல் அடுக்கின் அடியில் இருக்கும் பின்வரிசைகளைத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். கூரை ஸ்பீக்கரின் ஒலி அங்கே நேராக விழாது. மேல் அடுக்கின் அடிப்புறத்தில் தனியாகச் சிறிய ஸ்பீக்கர்கள் வேண்டும்.

அரங்கின் சுவரோடு இந்தப் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாயில்களுக்கு அருகே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். உள்ளே இருக்கைகள் சுமார் 35,000. வெளியே திரண்டவர்கள் அதைப்போலப் பல மடங்கு. நெரிசலில் முன்னால் இருப்பவர் மூச்சுத் திணறுவது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. வாயில் திறந்திருப்பதாக நம்பி அவர் தொடர்ந்து நெருக்குகிறார். வாயில் மூடப்பட்டிருக்கிறது என்ற செய்தி கூட்டத்தின் பின்வரிசைக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டும். அதற்கான ஸ்பீக்கர்களின் இடம் வாயிலின் நெற்றியில் மட்டும் இல்லை. மக்கள் வந்து சேரும் ஒவ்வொரு தெருமுனையிலும், அவர்கள் பேசும் மொழியில், அரங்கின் உள் அறிவிப்போடு கலக்காத தனித் தடத்தில் அவை இயங்க வேண்டும்.