சிட்னி ஓப்பரா ஹவுஸின் கூரையை இறுக்கிப் பிடிக்கும் எஃகு

ஆஸ்திரேலியாவில் 1973 அக்டோபர் 20 அன்று திறக்கப்பட்ட சிட்னி ஓப்பரா ஹவுஸின் கூரையை அதன் வடிவழகுக்காகவே பெரும்பாலோர் அறிவர். ஆனால், கண்ணுக்குத் தெரியாதபடி கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் சுமார் 350 கிலோமீட்டர் நீள எஃகு வடங்கள்தாம் அந்தக் கூரையின் ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒன்றாகப் பிடித்திருக்கின்றன. அந்த வடிவத்துக்கு இணையான வியப்புக்கு உரியது இந்த ஏற்பாடு என்பேன்.

கான்கிரீட் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்குமோ, அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இழுவையைத்தான் தாங்கும். பளு ஏறியதும் உத்தரம் சற்றே வளைய, அதன் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடுகிறது. அங்கே சாதாரணக் கம்பி இருந்தால் உத்தரம் முறியாது; ஆனால் கம்பி முழுமையாகப் பளுவை ஏற்பதற்குள் கான்கிரீட்டில் மெல்லிய விரிசல்கள் விழுந்துவிடும். தூணே இல்லாத பெரிய மண்டபங்களில் உத்தரத்தின் சொந்த எடையே பெரும் பளுவாகிவிடுவதால் இந்தக் குறை பெரிதாகிறது. இதற்கு மாற்றாக, பளு ஏறும் முன்பே எஃகை இழுத்துப் பூட்டி, கான்கிரீட்டை நிரந்தரமாக அமுக்கத்தில் வைத்துவிடுவதே முன் இறுக்க முறை. காய்ச்சிய இரும்புப் பட்டா குளிரும்போது சுருங்கி மரச்சக்கரத்தின் துண்டுகளை இறுக்கிப் பிடிப்பதும் இதே தத்துவம்தான். பின்னர் வரும் பளு முதலில் அந்த அமுக்கத்தைக் கரைக்க வேண்டும். அது கரைந்து தீரும்வரை கான்கிரீட்டில் இழுவையே தோன்றாது.

எளிதாகத் தோன்றும் இந்த எண்ணம் தொடக்கத்தில் பலிக்கவில்லை. சாதாரண எஃகைப் பாதுகாப்பாக இழுத்தால் ஒரு மீட்டருக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் நீளும். கான்கிரீட்டோ உலர்ந்தும், நாள்பட்ட அமுக்கத்தில் மெதுவாக ஒடுங்கியும் கிட்டத்தட்ட அதே அளவு குறுகி, இறுக்கத்தை முழுவதும் தின்றுவிடும். இதைப் புரிந்துகொண்டு, மிக வலிமையான எஃகால் மட்டுமே இது நிலைக்கும் என்று நிறுவி 1928-இல் காப்புரிமை பெற்றவர் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃபிரெசினே. இன்றைய வடம் மீட்டருக்கு 7 மில்லிமீட்டர் வரை நீளுவதால், 1 மில்லிமீட்டர் போனாலும் பெரும்பங்கு இறுக்கம் மிஞ்சுகிறது.

ஏழு கம்பிகளை முறுக்கிச் செய்யும் 15.2 மில்லிமீட்டர் வடத்தை, கான்கிரீட்டில் பதித்த குழாய் வழியே செலுத்தி, ஹைட்ராலிக் ஜாக்கியால் சுமார் 20 டன் விசையுடன் இழுப்பார்கள். ஜாக்கியைத் தளர்த்தியதும் வடம் பின்வாங்க முயலும். அந்த முயற்சியே கூம்புத் துளைக்குள் இருக்கும் எஃகு ஆப்புகளை உள்ளே இழுத்து வடத்தைக் கவ்வச் செய்கிறது. 30 மீட்டர் வடம் 20 சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டு வரும். அந்த நீளத்தைக் கணக்கிட்ட அளவோடு ஒப்பிட்டு, குறைந்தால் குழாயில் எங்கோ வடம் சிக்கியிருக்கிறது என்று பொறியாளர் ஐயுறுவார். பிறகு குழாயில் சிமெண்ட் பால் ஏற்றி, துருப்பிடிக்காமல் அடைத்துவிடுவார்கள்.

ஓப்பரா ஹவுஸை வடிவமைப்பதற்கான 1957 போட்டியில் வென்ற டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் கூரை வடிவங்களுக்கு முதலில் ஒழுங்கான கணித வரையறை இல்லை. சிப்பி ஓடு போல வளைந்த கூரைப் பகுதிகள் எல்லாவற்றையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுக்கலாம் என்று 1961-இல் முடிவானபின், ஒரே அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தித் துண்டுகளை வார்க்க முடிந்தது. ஒவ்வொன்றும் 15 டன் வரை எடையுள்ள 2,194 முன்வார்ப்புத் துண்டுகளைக் கிரேனால் தூக்கி, நகரும் எஃகு வளைவின் மீது தாங்கவைத்து, இணைப்புகளில் எபாக்சி என்ற வலுவான பசையைப் பூசி, வடங்களால் இறுக்கினார்கள். அந்த இறுக்கத்தில் இணைப்புகள் திறக்காமலிருப்பதால், தனித்தனித் துண்டுகள் சேர்ந்த, கூரையைத் தாங்கும் விலா எலும்பு போன்ற வளைவு ஒரே கல்லாய் வார்த்தது போல நடந்துகொள்கிறது.

இத்தகைய கட்டடங்களைப் பராமரிப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. இழுவிசையில் இருக்கும் வடத்தைத் துளைக்கருவி அறுத்துவிட்டால் கான்கிரீட்டைக் காத்துவந்த அமுக்கம் அந்த இடத்தில் இல்லாமற் போகும் என்பதால், ஒரு சிறு குழாய்க்காகத் துளையிடும் முன்னும் ரேடார் கருவியால் வடங்களின் பாதையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.