பயந்தவர் யார்? கடற்கரை வீட்டுக் கடன் கணக்கு

“பொம்பளையாளுக காசு விசயத்துல பயந்தவுக மேடம், பெருசா எதுலயும் இறங்க மாட்டாக.” ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் வாலிநோக்கம் வரை, நிதி விழிப்புணர்வு வகுப்பு எடுக்க நான் போகும் ஊரிலெல்லாம் ஆண்கள் இதைச் சொல்கிறார்கள். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கடல்பாசி பறிக்கிறவர்கள் சின்னப்பாலம் பெண்கள். கடலில் இல்லாத பயம் காசில் மட்டும் எப்படி வரும்?

காசு வருகிற விதத்தைப் பார்த்தால் புரியும். விசைப்படகில் போகிறவருக்குப் பங்குக் காசு. நல்ல பாடு, அதாவது மீன், கிடைத்தால் கை நிறைய வரும், இல்லையென்றால் டீசலுக்கே காணாது. அதனால் ‘அடுத்த பாட்டுல அடைச்சிரலாம்’ என்று துணிந்து கடன் வாங்குகிறார். அவர் தொழிலுக்கு அது பொருந்துகிற கணக்குதான். கருவாடு விற்கும் மனைவிக்கோ சிறுகச் சிறுக வருகிறது. அரிசி, பள்ளிக்கூடம், மகளிர் குழுக் கடன் தவணை எல்லாம் தேதி தவறாமல் அவர் தலையில். பாடு இல்லாத வாரத்தில் தவணைக்காரருக்குப் பதில் சொல்ல வாசலில் நிற்பவரும் அவரே. அப்படிப்பட்டவர் நாலு தடவை யோசிப்பதைப் பயம் என்று எப்படிச் சொல்வது?

இந்தத் துணிவு ஊருக்கு ஊர் மாறும். உரி நீஸி, கென்னத் லெனார்ட், ஜான் லிஸ்ட் மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் வாளிக்குள் பந்து போடும் விளையாட்டு ஒன்று. விழுந்த பந்துக்கு இவ்வளவு என்று நிச்சயக் காசு வாங்கிக்கொள்ளலாம். அல்லது எதிராளியை ஜெயித்தால் மூன்று மடங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்று போட்டியில் இறங்கலாம். ஆண்கள் கை ஓங்கிய தான்சானியாவின் மாசாய் இனத்தில், ஆண்களில் பாதிப் பேர் போட்டிக்கு வந்தார்கள். பெண்களில் 26 சதவீதம்தான். சொத்து பெண்வழி போகும் மேகாலயத்துக் காசி பழங்குடியினரிடம் பெண்கள் 54 சதவீதம், ஆண்கள் 39.

மேகாலயம் வரை போவானேன்? கீழக்கரையில் மகளுக்கு வீடு கொடுப்பது பழைய வழக்கம். கணவர் துபாயிலோ சவுதியிலோ இருக்க, வீட்டு வேலை, நகை, பிள்ளைகள் படிப்பு என்று பெரிய செலவுகளைத் தானே முடிவு செய்யும் பெண்களை அங்கே பார்க்கிறேன். பத்திரம் தன் பேரில் இருப்பவர் வங்கியில் கேள்வி கேட்கும் தோரணையே வேறு.

சிறுவாடும் அப்படித்தான். அரிசிப் பானையில் ஒளித்து வைப்பது பெண்புத்தி என்று கேலி பேசுவார்கள். பிலிப்பைன்ஸில் நவா அஷ்ரஃப் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அங்கே சேமிப்பு மனைவி கையில் இருந்த வீடுகளில், மனைவிக்குத் தெரியாது என்றதும் ஆண்கள் ஆய்வில் கிடைத்த காசைத் தங்கள் சொந்தக் கணக்கில் போட்டார்கள். பணப்பெட்டிச் சாவி இல்லாதவர் ஒளிக்கிறார், அவ்வளவுதான். (இதைச் சொன்னால் வகுப்பில் பெண்கள் சிரிக்கிற சிரிப்பு வாசலில் நிற்கும் ஆண்களுக்குக் கேட்கும்.)

எனக்குக் கவலை வேறு. கடன் பெண் பேரில், முடிவு இன்னொருவருடையது. குழுக்கடனைப் பெண்ணுக்குத்தான் தருகிறார்கள்; பணம் வலைக்கோ எஞ்சினுக்கோ போகிறது. போகட்டும், அதுவும் குடும்பத் தொழில்தான். ஆனால் தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் குறைவது அந்தப் பெண்ணுக்கு. பின்னால் தன் வியாபாரத்துக்கென்று வங்கிக்குப் போகும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

மீன்பிடித் தடைக்காலத்தைக் கணக்குப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும். வாரத் தவணை நிற்காது. வாரம் 1,200 கட்டும் வீடு என்று வைத்தால் ஒன்பது தவணைக்கு 10,800. அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000. அதை முழுக்கத் தவணைக்கே கொடுத்தாலும் 2,800 துண்டு விழுகிறது, அப்புறம்தான் சாப்பாடு. இந்தத் துண்டை அடைக்க இரண்டாவது குழுவில் சேருவார்கள். அங்கிருந்துதான் சிக்கல். கடன் வாங்கும் நாளிலேயே தடைக்காலத் தவணைக்கு எங்கிருந்து எடுப்பது என்று கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பேசியாக வேண்டும். மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் என்றால் சேமிப்பு நிவாரணத் திட்டத்தையும் விசாரியுங்கள்: நீங்கள் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 தருகிறது.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்று. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன் நுண்கடன். வீட்டில் எல்லாருடைய கடனையும் சேர்த்து மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கணவர் வாங்கிய கடனும் இதில் சேரும். தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்குப் போன் செய்யக் கூடாது. மீறினால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448. கடன் அட்டையைக் கணவரின் சட்டைப் பையில் விடாமல் நீங்களே வைத்திருங்கள், போன் செய்யும்போது அதிலுள்ள எண்ணைக் கேட்பார்கள்.