மூட்டு வலி ஊசிக்கு நெஞ்சு எக்ஸ்ரே எதற்கு?

முடக்குவாதத்துக்கு உயிரியல் மருந்து (உயிருள்ள செல்களில் தயாரிக்கும் புரத மருந்து) ஊசி தொடங்கலாம் என்று சொல்லி, பரிசோதனைச் சீட்டை நீட்டினால் பலரும் கேட்பது இதுதான்: "வலி மூட்டுல, எக்ஸ்ரே நெஞ்சுக்கா டாக்டர்?" நியாயமான கேள்வி. கூடவே இன்னொன்றும் வரும்: "இதையே மாத்திரையா தரக் கூடாதா?"

முதலில் மாத்திரை விஷயம். முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்வை வீங்க வைக்கும் புரதங்களில் முக்கியமானது டிஎன்எஃப். இந்த ஒன்றைத் தடுத்தாலே வீக்கம் வற்றுகிறது என்று லண்டனில் மார்க் ஃபெல்ட்மானும் ரவீந்தர் மைனியும் 1990களின் தொடக்கத்தில் காட்டினார்கள். ஆனால் டிஎன்எஃப், செல்லின் மேலுள்ள தன் ஏற்பியோடு (சமிக்ஞையை வாங்கும் புரதம்) ஒட்டும் பரப்பு அகலமானது; சின்ன மூலக்கூறு ஒன்று நுழைந்து பிடித்துக்கொள்ள வசதியான குழி அங்கே இல்லை. மாத்திரையாக வரும் மருந்துகள் பெரும்பாலும் 500 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடைக்குள்தான். ஆன்டிபாடி என்னும் நோயெதிர்ப்புப் புரதமோ சுமார் 1,50,000 டால்டன். அந்தப் பரப்பை வளைத்துப் பிடித்துவிடும். ஆனால் அதுவும் புரதம்தானே, விழுங்கினால் செரித்துப்போகும். அதனால் ஊசி. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்ஸிமாப் இந்த வகை. அதே ஆண்டு வந்த எட்டனர்செப்ட் கொஞ்சம் தந்திரக்காரன்: டிஎன்எஃப் ஏற்பியின் நகலையே ரத்தத்தில் மிதக்கவிடும். டிஎன்எஃப் ஏமாந்து அதில் போய் ஒட்டிக்கொள்ளும். (முடக்குவாதத்துக்கு டோஃபாசிட்டினிப் மாத்திரை இருக்கிறதே என்பீர்கள். அது டிஎன்எஃப்-ஐத் தொடுவதில்லை, செல்லுக்குள் போகும் சமிக்ஞையை மறிக்கிறது.)

சரி, எக்ஸ்ரே. டிபி கிருமி உள்ளே புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நோயெதிர்ப்பு செல்கள் கிருமியைச் சுற்றி வளைத்து, ஒரு முடிச்சுக்குள் அடைத்து வைத்துவிடும். வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், ஆளுக்கே தெரியாது. அந்த முடிச்சு கலையாமல் காப்பதில் டிஎன்எஃப்-புக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் அதைத்தான் மடக்குகிறோம்! 2001இல் வெளியான ஆய்வொன்றில், இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்து டிபி வந்த 70 பேரில் 40 பேருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருந்தது. பெரும்பாலோருக்கு முதல் மூன்று டோஸ்களுக்குள்ளேயே வந்திருந்தது. எனவே எக்ஸ்ரேயோடு, பதுங்கியிருக்கும் டிபியைக் காட்டும் ரத்த அல்லது தோல் பரிசோதனையும் தேவை. ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையும் அப்படியே. பதுங்கிய டிபி தெரிந்தால் முதலில் அதற்கு மருந்து, அப்புறம்தான் ஊசி. இந்தச் சில வாரத் தாமதத்துக்காக யார் கோபித்துக்கொண்டாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், ஊசி தொடங்கிய பிறகு விடாத காய்ச்சல், எடை குறைதல், கழுத்தில் நெறிகட்டுதல் இருந்தால் அடுத்த டோஸுக்கு முன் வந்து காட்டுங்கள்.

முடக்குவாதத்துக்கான இன்னொரு ஊசியான டோசிலிசுமாப் போட்டுக்கொள்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அது வீக்கத்தைத் தூண்டும் இன்னொரு புரதமான ஐஎல்-6இன் ஏற்பியை மறிக்கிறது. கல்லீரல் சிஆர்பி (உடலில் அழற்சி இருப்பதை ரத்தப் பரிசோதனையில் காட்டும் புரதம்) சுரக்க ஐஎல்-6 தூண்ட வேண்டும். அதனால் நிமோனியா இருந்தால்கூட சிஆர்பி ஏறாமல் இருக்கலாம், காய்ச்சலும் லேசாகவே தெரியலாம். வேறு டாக்டரிடம் போகும்போது, ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன் இந்த ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் சொல்லிவிடுங்கள்.